எத்தனை என்று கேளுங்கள்: ஆங்கிலக் கடிதத்தில் கமா பிழை நீக்கும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினொரு வருடம் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ். காலையில் போய் உட்கார்ந்தால் இருட்டும் வரை ஆங்கிலத்தில் மெயில் அடிப்பதுதான் என் பாடு. அங்கே ஒரு கமாவால் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு கன்டெய்னர் வந்திருந்தது. இரண்டில் சீல் உடைந்திருந்தது. சரக்குக்குச் சேதம் உண்டா என்று சோதிக்கும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை அந்த இரண்டை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்துக்கு நான் அடித்த மெயில் இது:

"ப்ளீஸ் ஹோல்ட் த கன்டெய்னர்ஸ், விச் ஹேவ் புரோக்கன் சீல்ஸ், அன்டில் த சர்வே."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ஆஸ் ஆல் சிக்ஸ் கன்டெய்னர்ஸ் ஹேவ் புரோக்கன் சீல்ஸ்" என்று தொடங்கியது. ஆறுக்கும் சீல் உடைந்திருப்பதால் ஆறையும் நிறுத்திவிட்டார்களாம். எண்ணூர் விரைவுச் சாலையில் நாலு டிரெய்லர் வரிசையில் நின்றது. டிரைவர் அண்ணன்கள் ராத்திரிச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்தார்கள். நான் என் மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஆறும்" என்று எங்கேயும் எழுதவில்லையே என்று முதலில் கோபம். அப்புறம்தான் புரிந்தது. எழுதியிருந்தேன். அந்த இரண்டு கமாவுக்கு அர்த்தமே அதுதான்.

இனி வரும் ஆங்கில வாக்கியங்களையும் இப்படித் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கமா எங்கே உட்கார்கிறது என்று பார்க்க இது போதும்.

கோளாறு எங்கிருந்து வருகிறது

"சீல் உடைந்த கன்டெய்னர்கள்" என்று தமிழில் விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தது. ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு, ஹூ, விச், தட் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டு, விவரத்தை வாலாகத் தொங்கவிடுகிறது. இடம் மாறுவது பெரிய சிக்கல் இல்லை, பழகிவிடும். சிக்கல் வேறு. "துறைமுகத்தில் வேலை செய்யும் என் அண்ணன்" என்று நான் சொன்னால், எனக்கு இருப்பது ஒரே அண்ணனா, மூன்று அண்ணன்களில் துறைமுகத்தில் இருப்பவரைச் சொல்கிறேனா என்று தமிழ் கேட்பதே இல்லை. கேட்பவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் அவரே கேட்டுக்கொள்வார். எழுத்து ஆங்கிலம் அந்த இடத்தில் நம்மை விடாது. வால் இல்லாமல் ஆளை அடையாளம் தெரியாது என்றால் கமா கிடையாது. ஆள் யாரென்று ஏற்கெனவே தெரியும், வால் சொல்வது கூடுதல் செய்திதான் என்றால் வாலின் இரண்டு பக்கமும் கமா.

இலக்கணப் புத்தகங்கள் இதையே எசென்ஷியல், நான்எசென்ஷியல் என்கின்றன. வேறு சில டிஃபைனிங், நான்டிஃபைனிங் என்கின்றன. ரெஸ்ட்ரிக்டிவ், நான்ரெஸ்ட்ரிக்டிவ் என்பதும் உண்டு. மூன்றும் ஒன்றேதான், பயப்பட வேண்டாம். நான் அடையாள வால், உபரி வால் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் மூன்று செல்வம் இருக்கிறார்கள். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர் ஐஸ் செல்வம். அப்புறம் டெய்லர் செல்வம், மேஸ்திரி செல்வம். "ஐஸ்" என்பதற்கும் "செல்வம்" என்பதற்கும் நடுவில் யாரும் மூச்சு விடுவதில்லை. விட்டால் வேறு ஆள் வந்து நிற்பார். அடையாள வாலும் அப்படித்தான், பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தெருவிலேயே ஒரு செல்வம்தான் என்றால், அவர் ஐஸ் ஏற்றுவது ஒரு தகவல், அவ்வளவே. அது உபரி.

மூச்சு என்றதும் இன்னொன்று. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தான் நமக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெயரே நிறுத்தற்குறி. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் மூச்சு வாங்கும் இடத்தில் கமாவைப் போட்டுவிடுகிறோம். என் கன்டெய்னர் மெயிலில் நடந்தது இதுதான். வாக்கியம் நீளமாகத் தெரிந்தது, நடுவில் இரண்டு இளைப்பாறும் இடம் வைத்தேன்.

வகுப்பில் சொல்லித்தரும் சோதனை ஒன்று உண்டு: வாலை எடுத்துவிட்டுப் படி, பொருள் மாறாவிட்டால் கமா போடு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ப்ளீஸ் ஹோல்ட் த கன்டெய்னர்ஸ் அன்டில் த சர்வே" என்று படித்துப் பாருங்கள். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியவன் மனதில் எந்தக் கன்டெய்னர் என்று இருப்பதால், பொருள் மாறியதே அவன் கண்ணில் படாது. அதனால் நான் வாக்கியத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வெளியே இருக்கும் நிலவரத்தைக் கேட்கிறேன். ஒருமையாக இருந்தால்: இப்படிப்பட்டவர் ஒருவரா, பலரா? பன்மையாக இருந்தால்: நான் சொல்வது இவற்றை "மட்டும்" என்றா, "எல்லாமே" இப்படித்தான் என்றா? "மட்டும்" பொருந்தினால் கமா இல்லை. "எல்லாமே" பொருந்தினால் கமா உண்டு. இந்தக் கேள்விக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கடிதம் யாருடையதோ அவரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

இனி அறிகுறி பார்த்து வைத்தியம்.

அறிகுறி: கொஞ்சத்தைச் சொன்னேன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்

தேவையில்லாத கமா இருக்கிறது. என் மெயிலில் "மட்டும்" போட்டுப் பாருங்கள்: சீல் உடைந்தவற்றை மட்டும். பொருந்துகிறது. ஆகவே இரண்டு கமாவையும் எடுக்க வேண்டும். "ப்ளீஸ் ஹோல்ட் த கன்டெய்னர்ஸ் தட் ஹேவ் புரோக்கன் சீல்ஸ் அன்டில் த சர்வே." (விச் ஏன் தட் ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.) அதற்குப் பின்னால் நான் இன்னும் ஒரு படி போய், "ஒன்லி த டூ கன்டெய்னர்ஸ்" என்று எண்ணிக்கையையும் போட்டு, நாலு எழுத்தும் ஏழு இலக்கமுமான கன்டெய்னர் நம்பரையும் கீழே அடிக்க ஆரம்பித்தேன். சூடு கண்ட பூனை.

இந்தக் கோளாறு அதிகம் தென்படுவது நோட்டீஸ்களில்தான். ஒரு டியூஷன் சென்டருக்கு நானே அடித்துக் கொடுத்தது:

"ஸ்டூடன்ட்ஸ், ஹூ ஹேவ் நாட் பெய்ட் த ஃபீஸ், கேனாட் ரைட் த டெஸ்ட்."

அதாவது மாணவர்கள் எல்லாரும் பணம் கட்டாதவர்கள், ஒருவரும் தேர்வு எழுத முடியாது. அடுத்த நாள் காலையிலேயே ஓர் அம்மா ரசீதைக் கையில் பிடித்தபடி அங்கே போய் நின்றிருக்கிறார். அவருக்கு ஆங்கில இலக்கணம் படிக்க நேரம் இருந்திருக்காது. ஆனால் நோட்டீஸ் சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். கமா இரண்டையும் எடுத்து மறுபடி அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அறிகுறி: "வேறு யாராவது இருக்கிறாரா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்

இது நேர் எதிர். கமா வர வேண்டிய இடத்தில் இல்லை. விசாவுக்கு அழைப்புக் கடிதம் அடிக்க வந்தவர் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "மை வைஃப் ஹூ இஸ் எ நர்ஸ் வில் டிராவல் வித் மி." கமா இல்லாததால், பல மனைவிகளில் நர்ஸாக இருக்கும் மனைவி என்று ஆகிறது. வீட்டில் படித்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று சொன்னேன், சிரித்தார். "மை வைஃப், ஹூ இஸ் எ நர்ஸ், வில் டிராவல் வித் மி" என்று திருத்தினோம். அம்மா, அப்பா, கணவர், மனைவி, சொந்த ஊர், இப்போதைய முதலாளி எல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான். இவற்றுக்குப் பின்னால் வரும் வாலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கமா போடலாம்.

உறவுமுறைக்குப் பின்னால் பெயர் வரும்போதும் இதே கணக்குத்தான். ஒரே தம்பி என்றால் "மை பிரதர், முருகன், இஸ் இன் துபாய்." மூன்று தம்பிகள் என்றால் "மை பிரதர் முருகன் இஸ் இன் துபாய்." ஆனால் பெயர் மட்டும் தனியாக வரும் இந்த இடத்தில் ஆங்கிலேயர்களே அவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஒரே தம்பிக்கும் கமா இல்லாமல் எழுதுகிறவர்கள் உண்டு, அதை யாரும் பிழை என்று திருப்பி அனுப்புவதில்லை. நீளமான ஹூ, விச் வாலில்தான் அந்தச் சலுகை கிடையாது.

அண்ணன், தங்கை, பிள்ளை, வாடகைக்கு விட்ட வீடு, படகு போன்றவற்றில்தான் வாயைத் திறந்து கேட்டாக வேண்டும். போன வருடம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். அம்மா தவறிவிட்டார், வீடு சம்பந்தமாக ஒரு ஆங்கில மனு. அதில் "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மணலி ஹேஸ் நோ அப்ஜெக்‌ஷன்" என்று ஒரு வரி. மணலியில் இருக்கும் அண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை என்பது விஷயம். வழக்கம்போல, "உங்களுக்கு எத்தனை அண்ணன்க்கா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேருன்னே போடு. பெரியவன் கடலுக்குப் போனவன் வரல" என்றார்.

இரண்டு பேர் என்றால் அது அடையாள வால், கமா இல்லை. ஒருவர் என்றால் உபரி வால், கமா உண்டு. இந்த மனுவில் இன்னொன்றும் இருக்கிறது. அதிகாரி கமா இல்லாததைப் பார்த்து, மற்ற அண்ணன் எங்கே, அவர் கையெழுத்து எங்கே என்று நியாயமாகவே கேட்பார். ஆகவே கமா இல்லாமல் எழுதி, அடுத்த வரியிலேயே மூத்த அண்ணனைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சேர்த்தோம். அந்த வரியை அக்காவே சொல்லச் சொல்ல அடித்தேன்.

அறிகுறி: படிக்கும்போது நடுவில் கால் இடறுகிறது

ஒற்றைக் கமா. "ராயபுரம் ஸ்டேஷன், விச் ஓப்பன்ட் இன் 1856 இஸ் நியர் மை ஹவுஸ்." திறந்த கமா மூடப்படவில்லை. 1856-க்குப் பின்னால் ஒன்று வர வேண்டும். இந்த இரண்டு கமாவையும் அடைப்புக்குறியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்புக்குறி போட்டு யாராவது விடுவார்களா? வால் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மட்டும் முற்றுப்புள்ளியே இரண்டாவது கமாவின் வேலையைச் செய்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. முதல் கமா இல்லாமல் இரண்டாவது மட்டும் வரும்: "த மேன் ஹூ ரிப்பேர்ஸ் அவுட்போர்டு எஞ்சின்ஸ் நியர் த ஃபிஷிங் ஹார்பர், இஸ் மை அங்கிள்." எழுவாய் நீளமாக இருக்கிறது, "இஸ்" வருவதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறது, ஒரு கமா விழுந்துவிடுகிறது. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் பார்த்ததிலேயே அதிகம் வரும் பிழை இதுதான். பட்டம் வாங்கியவர், வாங்காதவர் வித்தியாசம் இல்லை. எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கும் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா வராது. மூச்சு முட்டினால் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

அறிகுறி: விச் என்ற சொல்லுக்குக் கீழே வேர்டு நீலக் கோடு போடுகிறது

கடையில் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் ரைட் கிளிக் செய்து முதலில் வருவதை அமுக்கிவிடுகிறார்கள். அங்கேதான் வினை. வேர்டு வழக்கமாக இரண்டு யோசனை தரும்: விச்சுக்கு முன் கமா போடு, அல்லது விச்சை எடுத்துவிட்டுத் தட் போடு. இந்த இரண்டும் ஒரே திருத்தத்தின் இரண்டு வடிவம் இல்லை. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அர்த்தம். முதலாவது "எல்லாமே", இரண்டாவது "மட்டும்". கம்ப்யூட்டருக்கு உங்கள் யார்டில் எத்தனை கன்டெய்னர் நிற்கிறது என்று தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே எத்தனை என்று கேட்டுவிட்டு அமுக்குங்கள்.

கோடு ஏன் வருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. அடையாள வாலுக்குத் தட், உபரி வாலுக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்குமே என்று 1926-ல் ஃபௌலர் என்ற ஆங்கில அகராதிக்காரர் ஒரு யோசனை சொன்னார். பெரும்பாலோர் அப்படி எழுதுவதில்லை என்று அவரே அப்போது ஒத்துக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றைக்கும் கமா இல்லாமல் விச் போட்டு அடையாள வால் எழுதலாம், அது பிழை இல்லை. நம் ஆபீஸ் ஆங்கிலம் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது. அதனால் நீலக் கோடு வந்ததும் பதற வேண்டாம்.

ஒன்று மட்டும் இரண்டு கரையிலும் மாறாது: உபரி வாலுக்குத் தட் வராது. "மை ஹவுஸ், தட் இஸ் இன் கொருக்குப்பேட், இஸ் ஸ்மால்" என்று எழுதினால் எந்த ஊரிலும் பிழை. கமாவுக்கு அடுத்து தட் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். உபரி என்றால் தட்டை விச் ஆக்குங்கள். அடையாளம் என்றால் கமாவை எடுங்கள்.

என் சொந்தக் கருத்து: வெளிநாட்டுக்குப் போகும் கடிதம் என்றால் ஃபௌலர் சொன்னபடியே பிரித்து எழுதிவிடுவது நல்லது. யாருக்கும் கெடுதல் இல்லை, படிப்பவருக்குச் சந்தேகமும் இல்லை.

அறிகுறி: பெயருக்குப் பின்னால் கமா போடுவதா என்று கை தயங்குகிறது

ஆள் பெயர், ஊர்ப் பெயர், நிறுவனப் பெயர் என்றால் ஆள் யாரென்று பெயரே சொல்லிவிடுகிறது. பின்னால் வரும் வால் உபரி. கமா போடுங்கள்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் எங்கள் பேட்டைக்காரர் ஒருவர். சீனிவாச ராமானுஜன் 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டார். தான் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் இருக்கும் எழுத்தர் என்று அறிமுகத்தோடு அது தொடங்குகிறது. துறைமுக வட்டாரத்திலிருந்து கிளம்பிய ஆங்கிலக் கடிதங்களில் அதைவிடப் பெரிய பலன் தந்தது எதுவும் இருக்க முடியாது. அவரை வைத்து இரண்டு வாக்கியம்:

"ராமானுஜன், ஹூ வாஸ் எ கிளார்க் அட் த போர்ட் டிரஸ்ட், ரோட் டு ஹார்டி இன் 1913."

"த கிளார்க் ஹூ ரோட் டு ஹார்டி இன் 1913 வாஸ் ராமானுஜன்."

முதலாவதில் பெயர் முன்னாலேயே வந்துவிட்டது. எழுத்தர் வேலை உபரி, கமா உண்டு. இரண்டாவதில் வெறும் "கிளார்க்" என்றால் போர்ட் டிரஸ்டில் எத்தனையோ பேர். ஹார்டிக்கு எழுதியவர் என்ற வால்தான் ஆளைக் காட்டுகிறது. கமா இல்லை.

விதிவிலக்கு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மூன்று செல்வத்தில் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் பெயரே அடையாளமாக நிற்காது. ஆங்கிலம் அப்போது பெயருக்கு முன்னால் "த" போட்டு, கமாவை எடுத்துவிடுகிறது: "த செல்வம் ஹூ லோட்ஸ் ஐஸ் இஸ் மை அங்கிள்." பார்க்க வினோதமாக இருக்கும், சரியான ஆங்கிலம்தான்.

அறிகுறி: விச் எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று தெரியவில்லை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்: "தே க்ளோஸ்ட் த கேட், விச் மேட் அஸ் லேட்." தாமதம் ஆக்கியது கேட் இல்லை, கேட்டை மூடிய அந்தக் காரியம். முழு வாக்கியத்தையும் பிடித்துத் தொங்கும் விச்சுக்கு முன்னால் எப்போதும் கமா. கமாவை எடுத்துவிட்டால், நம்மைத் தாமதமாக்கிய ஒரு குறிப்பிட்ட கேட்டை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம் திரும்பிவிடும். அப்படி ஒரு நாள் நிரந்தரமாக மூடி, பாலமே வந்துவிட்டால் அந்தக் கமா இல்லாத வாக்கியத்தையும் சந்தோஷமாக எழுதலாம்.

அறிகுறி: காரணம் சொன்னேன், நேர் எதிராகப் புரிந்துகொண்டார்கள்

ஹூ, விச் மட்டும் இல்லை, பிகாஸுக்கும் இந்த நோய் உண்டு. "நாட்" இருக்கும் வாக்கியத்தில் மட்டும் அது பெரிதாகக் காட்டும். வேலை விண்ணப்பத்தில் ஒரு தம்பி எழுதியிருந்தான்: "ஐ டிட் நாட் லீவ் மை லாஸ்ட் ஜாப் பிகாஸ் ஆஃப் த சாலரி." சம்பளத்துக்காக நான் வேலையை விடவில்லை. வேலையை விட்டானா, விடவில்லையா? தமிழிலும் இதே குழப்பம் இருப்பதைக் கவனியுங்கள். கமா இல்லாமல் படித்தால் பெரும்பாலும், விட்டான், ஆனால் காரணம் சம்பளம் இல்லை. பிகாஸுக்கு முன் கமா போட்டால், விடவே இல்லை, சம்பளம் நன்றாக இருந்ததே காரணம். கமாவை நம்பி வேலையைப் பணயம் வைக்காதே என்று சொன்னேன். "ஐ லெஃப்ட் மை லாஸ்ட் ஜாப் டு லேர்ன் வெல்டிங்" என்று நேராக எழுதினோம். நாட்டும் பிகாஸும் ஒரே வாக்கியத்தில் கூடினால் வாக்கியத்தை மாற்றுவதுதான் மருந்து.

இஃப், வென் போன்றவை வாக்கியத்தின் முன்னால் வந்தால் முடியும் இடத்தில் கமா, பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். இதில் யாரும் அதிகம் தவறுவதில்லை.

கேள்வி கேட்காமலே முடிவு செய்யக்கூடியவை

"எனிஒன் ஹூ", "தோஸ் ஹூ", "எவ்ரிதிங் தட்": கமா கிடையவே கிடையாது. யார், எது என்று வால்தான் சொல்கிறது. "சம் ஆஃப் ஹூம்", "ஆல் ஆஃப் விச்" என்று தொடங்கினால் முன்னால் கமா கட்டாயம். ஹூ, தட் எதுவும் இல்லாமல் வால் நேராக ஒட்டியிருந்தால், "த போட் மை ஃபாதர் பாட்" மாதிரி, அது அடையாள வால்தான், கமா வராது. "த ஒன்லி" என்று தொடங்குவதில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றே ஒன்றுதானே, கமா போடலாமே என்று தோன்றும். "த ஒன்லி ஷாப் தட் ஓப்பன்ஸ் அட் ஃபைவ்" என்றால் அந்த ஏரியாவில் கடை ஒன்றே ஒன்று என்று அர்த்தம் இல்லை. ஐந்து மணிக்குத் திறப்பதுதான் ஒன்று. வால் அடையாளம், கமா வேண்டாம்.

அறிகுறி: ஒப்பந்தத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்

இது பணம் போகிற இடம். கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனத்துக்கும் அலையன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்துக்கும் இடையே மின்கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கு ஓர் ஒப்பந்தம். ஐந்து ஆண்டு நடப்பில் இருக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக நீளும், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொண்டால் தவிர, என்று ஒரு நீண்ட வரி. அந்தத் "தவிர" பகுதிக்கு முன்னால் ஒரு கமா இருந்தது. முடித்துக்கொள்ளும் உரிமை நீட்டிப்புக் காலத்துக்கு மட்டும்தான் என்று ரோஜர்ஸ் நினைத்தது. கமா இருப்பதால் அது முதல் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துத்தான் என்றது அலையன்ட். 2006-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் கமாவைப் பார்த்து அலையன்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லட்சக்கணக்கான டாலர் விஷயம். ரோஜர்ஸ் விடவில்லை, அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைத் தேடி எடுத்துக் காட்டியது. பிரெஞ்சில் அந்தக் குழப்பம் இல்லை. 2007-ல் தீர்ப்பு மாறியது.

நம் வாடகை ஒப்பந்தங்களுக்குப் பிரெஞ்சு வடிவம் கிடையாது. போன மாதம் ஒரு வீட்டுக்காரரும் குடி வருகிறவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். பதினொரு மாத ஒப்பந்தம், பழைய நகலைப் பார்த்து அடிக்க வேண்டும். அதில் ஒரு வரி: "த டெனன்ட் ஷல் பே மெயின்டனன்ஸ் அண்ட் வாட்டர் சார்ஜஸ், விச் ஆர் ருபீஸ் 500 எ மன்த்."

விச் யாருடைய வால்? இரண்டும் சேர்ந்து 500-ஆ, தண்ணீர் மட்டும் 500-ஆ? கமாவை எடுத்துப் பார்த்தேன். இன்னும் மோசம், மாதம் 500 வரும் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆகிவிட்டது. கமாவை எங்கே வைத்தாலும் இது தீராது. "அண்ணே, இது ரெண்டும் சேர்த்தா, தண்ணி மட்டுமா?" என்று கேட்டேன். "தண்ணி மட்டும்" என்றார் வீட்டுக்காரர். "சேர்த்துதானே சொன்னீங்க?" என்றார் குடி வருகிறவர். இருவரும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு டீ போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து சொன்னதை இரண்டு வாக்கியமாக அடித்தேன்: "வாட்டர் சார்ஜஸ் ஆர் ருபீஸ் 500 எ மன்த். மெயின்டனன்ஸ் இஸ் ருபீஸ் 300 எ மன்த்." கமாவே இல்லை. இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.